இருபத்தாறு மீட்டரில் ஒரு மலை ரயில்

நவராத்திரிக்கு அம்மா கொலுப்படிகளுக்குக் கீழே பூங்கா ஒன்று அமைப்பார். தட்டில் மணல் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவினால் மூன்றாம் நாளே பச்சை எழும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி குளமாகும், அடுக்கிய கற்களின் மேல் சாக்கைப் போர்த்தி மண் அப்பினால் மலையாகும். அந்த மலையில் நான் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விடுவேன். ஒரு வருடம் அப்பா வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார். எஞ்சினைக் கழற்றி ரயிலின் பின்னால் மாட்டினார். "மலை ஏறும்போது எஞ்சின் கீழே நின்று தள்ள வேண்டும். முன்னால் வைத்தால் கொக்கி அறுந்து பெட்டிகள் உருண்டுவிடும்" என்றார். அப்பா நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒருவர் நின்று, எஞ்சினின் விசிலுக்கு ஏற்ப அந்தப் பெட்டிக்குக் கையால் பிரேக் போடும் வேலை அது.

கோவையில் ஒரு பஞ்சாலையின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக 31 ஆண்டுகள் இருந்துவிட்டுக் குன்னூர் வீட்டுக்குத் திரும்பினேன். வீட்டின் பின்புறச் சரிவில் ஒரு குட்டி ரயில் பாதை போட வேண்டும் என்பது அப்போதே மனத்தில் இருந்தது. இப்போது அது ஓடுகிறது. மொத்த நீளம் 26 மீட்டர். அதில் 12 மீட்டர் பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்குப் பற்கள் உள்ள சட்டம்) பொருத்திய ஏற்றம், மற்றது சமதளமும் மெல்லிய சரிவும். கட்டி முடிக்க நான்கு வருடம் ஆயிற்று. அதில் முதல் வருடத்தின் வேலை முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. தோட்டத்தில் ரயில் போட நினைப்பவர்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் இருப்பதில் பெரும்பகுதி அந்த வருடம் கற்றதுதான்.

முதலில் அளவு. தோட்ட ரயிலில் பரவலாக உள்ள பாதை, இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீட்டர் அகலம். 1968-இல் நூரம்பெர்க் நகரின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த ரயில்கள் இந்த அகலத்தையும் 1:22.5 என்ற அளவையும் எடுத்துக்கொண்டன. வெயில் மழையில் வெளியிலேயே கிடக்கலாம் என்று செய்யப்பட்ட ரயில்கள் அவை. நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். அதை 22.5 ஆல் வகுத்தால் 44.4 வரும். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ஜெர்மனியில் இருக்கும் என் அக்கா மகன் பழைய தண்டவாளத் துண்டுகளையும் பல்சக்கரம் உள்ள ஒரு சிறிய எஞ்சினையும் அனுப்பியபோது நான் முதலில் போட்டது இந்தக் கணக்கைத்தான். விடை வந்ததும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த கணக்கு அவ்வளவு இனிமையாக இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர். இதே அளவில் குறைத்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தண்டவாளம் வேண்டும். ஆகவே முழுப் பாதையையும் மறந்தேன். கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர் என்று மூன்று இடங்கள் மட்டும். நிஜப் பாதையில் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையேதான் பல்சட்டம் இருக்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். என் சரிவும் 12 மீட்டரில் ஒரு மீட்டர் உயர்கிறது. தூரத்தைக் குறைக்கலாம், ஆனால் ஏற்றத்தின் கோணத்தைக் குறைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். கோணம் மாறினால் அது வேறு ஏதோ ஒரு மலையின் ரயில். அதேபோல வட்டமாகச் சுற்றி வரும் பாதையும் வேண்டாம் என்று வைத்தேன். இந்த ரயில் ஏறும், நிற்கும், பிறகு இறங்கும்.

முதல் வருடம் நான் செய்தது இது. சரிவில் படிபோல வெட்டி, மண்ணைத் தட்டி இறுக்கி, மேலே சிமெண்ட் பூசி, அதில் தண்டவாளத்தைப் பதித்தேன். ஓரங்களில் புல் நட்டேன். கடையில் வாங்கிய குட்டி வீடுகள், வேலி, விளக்குக் கம்பம் எல்லாம் வைத்தேன். ஆகஸ்டில் முடித்து அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் பேசாமல் நின்றார். மலை ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குனிந்து பாதையின் மேல்பக்கத்து மண்ணைக் கையால் அழுத்திப் பார்த்தார். "தம்பி, மேலே இருந்து வரும் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை பதில் சொன்னது. குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை எப்படி இருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மண் சரிந்து நிஜ ரயிலே நாள்கணக்கில் நிற்கும் மாதங்கள் அவை. ஒரு இரவு மழையில் என் சரிவின் மேல்பக்கம் ஊறி, சிமெண்ட் பலகைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, பலகையோடு தண்டவாளத்தையும் இரண்டு மீட்டர் கீழே தள்ளிவிட்டது. குட்டி வீடுகளைப் பீன்ஸ் பாத்திக்குள் தேடி எடுத்தேன்.

மறுநாள் அண்ணன் குடையோடு வந்தார். "இந்தப் பாதையில் எத்தனை பாலம் இருக்கிறது தெரியுமா? 250" என்றார். எனக்கும் தெரிந்த எண்தான். 16 குகை, 250 பாலம் என்று பள்ளிக்கூடத்திலேயே ஒப்பித்திருக்கிறோம். ஆனால் 46 கிலோமீட்டரில் 250 என்றால் கிலோமீட்டருக்கு ஐந்துக்கும் மேல் என்று நான் யோசித்ததே இல்லை. பெரிய ஆறுகள் அத்தனை ஏது? பெரும்பாலானவை மழைத் தண்ணீரை மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கத்துக்கு விட்டுவிடும் சின்னச் சின்னப் பாலங்கள். தண்ணீரைத் தடுக்காமல் அதன் வழியிலேயே விட்டு, அதன் மேல் பாதையைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். 1899-இல் குன்னூர் வரை ரயில் வந்ததற்கும், இன்றும் வந்துகொண்டிருப்பதற்கும் அதுதான் காரணம்.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் எதையும் கட்டவில்லை. கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவில் நின்று, தண்ணீர் ஓடும் இடங்களில் எல்லாம் மூங்கில் குச்சி நட்டேன். டிசம்பரில் எண்ணினால் பதினொரு குச்சி. அந்தப் பதினொரு இடங்களிலும் இன்று சிறுபாலங்கள் இருக்கின்றன. தோட்ட ரயில் போடுகிறவர்கள் ஒரு மழைக்காலத்தைப் பார்ப்பதற்காகவே ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். காகிதத்தில் வரையும் திட்டம் எல்லாம் அதற்குப் பிறகு.

சிறுபாலம் கட்டுவது எளிது. ஒன்றரை அங்குல பிவிசி குழாயைப் பாதைக்குக் குறுக்கே, கீழ்ப்பக்கம் சற்றுச் சாய்வாகப் புதைக்க வேண்டும். இரண்டு வாய்களிலும் குழாய் தெரியாமல் கல்முகம் கட்ட வேண்டும். நான் கருங்கல் சில்லுகளை உளியால் உடைத்து, ஒரு செங்கல்லின் மேல் வைத்துச் சதுரமாக்கி, சிமெண்டில் ஒட்டினேன். ஒரு முகத்துக்கு நாற்பது கல்லாவது பிடிக்கும். வெளிவாயின் கீழே தட்டையான ஒரு கல்லைப் பதிக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் விழும் தண்ணீர் அங்கேயே குழி பறித்து அடித்தளத்தை அரிக்கும். பாதைக்கு மேல்பக்கம், சரிவின் உச்சியில், ஒரு சாண் ஆழத்துக்கு வடிகால் வெட்டினேன். மேலிருந்து வருவதில் பாதி அதில் திரும்பிவிடுகிறது.

இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. வருகிறவர்கள் நின்று பார்ப்பது இந்தச் சிறுபாலங்களைத்தான். மழை பெய்யும்போது பதினொரு கல்வாய்களிலும் தண்ணீர் கொட்டும் காட்சி, நான் காசு கொடுத்து வாங்கிய எந்த வீட்டுக்கும் வேலிக்கும் இல்லாத அழகோடு இருக்கிறது. அழகுக்காக வைத்தவை எல்லாம் முதல் வருடத்தோடு போயின. வேலை செய்வதற்காக வைத்தவை நின்றன, அவையே அழகாகவும் இருந்தன. அதன் பிறகு ஒரு பொருளை வைக்கும் முன் 'இது இங்கே என்ன வேலை செய்கிறது' என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இரண்டாம் முறை பாதை போட்டபோது சிமெண்ட் பலகையே கிடையாது. ஒரு அடி அகலம், ஆறு அங்குல ஆழம் தோண்டி, அடியில் முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் சிப்ஸ் ஜல்லி. கீழ்ப்பக்கத்தில் சாந்து இல்லாத கல்லடுக்குச் சுவர். மலையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து நிற்கும். சாந்து பூசியே ஆக வேண்டிய இரண்டு இடங்களில் ஒரு அடிக்கு ஒன்றாக அரை அங்குலக் குழாய்த் துண்டு வைத்தேன், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியே வருவதற்காக.

தண்டவாளத்துக்கு இடையில் போடும் ஜல்லிதான் பாதையைப் பாதையாகக் காட்டுவது. நிஜத்தில் 50 மில்லிமீட்டர் கல் என்றால் நமக்கு இரண்டேகால் மில்லிமீட்டர் வேண்டும். மீன் தொட்டிக்குப் போடும் உருண்டைக் கற்கள் உதவாது. ஒன்றோடொன்று பிடிக்காமல் உருளும், பார்வைக்கும் பெரிய கூழாங்கல்லாகத் தெரியும். கிரஷரிலிருந்து வரும் தூசியை ஒரு மூட்டை வாங்கி, மூன்று மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து ஒன்றரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதை மட்டும் எடுத்தேன். பிறகு தண்ணீரில் அலசினேன். அலசாவிட்டால் தூள் கெட்டியாகி வடிகாலை அடைத்துவிடும். ஓரங்களில் மட்டும் பத்துக்கு ஒரு பங்கு சிமெண்டை உலர்வாகக் கலந்து, பரப்பிய பிறகு தண்ணீர் தெளித்தேன். நடுவில் கலக்கவே கூடாது, ஏனென்றால் தண்டவாளம் அசைய வேண்டும்.

அசைவதைக் கொஞ்சம் விளக்குகிறேன். முதல் வருடம் நான் கவனிக்காத இன்னொரு தவறு அது. பித்தளை வெயிலில் நீளும். விடியற்காலைக் குளிருக்கும் உச்சி வெயிலில் காயும் தண்டவாளத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் இருந்தால், 12 மீட்டர் பித்தளை ஒன்பது மில்லிமீட்டர் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் நடுவில் பாம்புபோல நெளியும். அதற்காக இணைப்புகளில் இடைவெளி விட்டேன். ஆனால் ஏற்றத்தில் எங்கும் பிடிக்காமல் விட்டால், நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். ஆகவே அடிவாரத்தில் ஒரே ஓர் இடத்தில், புதைத்த கான்கிரீட் கட்டையில் திருகி நிறுத்தினேன். நீளுவதெல்லாம் இப்போது மேல்நோக்கி நீள்கிறது.

பல்சட்டத்தில் நுழைகிற இடமும் எனக்குப் பல வாரங்களைத் தின்றது. எஞ்சினின் பல்சக்கரம் சட்டத்தின் பல்லில் சரியாக விழாமல், பல்மேல் பல் ஏறிக் குதிக்கும். வளைவிலும் ஏற்றம் தொடங்கும் முனையிலும் நுழைவை வைத்ததுதான் குற்றம். அதைச் சமதளத்துக்கு, நேர்ப்பாதைக்கு, ஏற்றத்துக்கு அரை மீட்டர் முன்னால் மாற்றினேன். அப்புறம் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால், எடை குறைந்த பெட்டிகள் வளைவில் வெளிப்பக்கம் தூக்கிக்கொண்டு விழுந்தன. ஒவ்வொரு பெட்டியின் தரைக்கு அடியிலும் 400 கிராம் இரும்புத் தகடு திருகினேன். எடை தாழ்வாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் இன்னும் மோசமாகும்.

எஞ்சினின் உடலை நானே செய்தேன். நிஜத்தில் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களை முதலில் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகச் செய்தார்கள். பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பது அதன் முகவெட்டு. கீழ் ஜோடி சாதாரணச் சக்கரங்களுக்கு, மேல் ஜோடி பல்சக்கரத்துக்கு. பல்சட்டப் பகுதியில் மட்டும் மேல் ஜோடியும் வேலை செய்யும். பல்சட்டம் இல்லாத இடங்களில் அது சும்மா இருக்கும். என் எஞ்சினில் மேல் தண்டு எப்போதுமே அசையாமல் இருக்கிறது. அண்ணன் மட்டும் அதைக் கண்டுபிடித்தார். இன்னும் சரி செய்யவில்லை, செய்வேன்.

பாறையிலும் செடியிலும் நான் என் மனைவியிடம் மாணவனாக இருந்தேன். பாறை வைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பார். தரையில் வைத்த கல் வைத்த கல்லாகவே தெரியும்; புதைத்த கல் மலையின் எலும்பு வெளியே தெரிவதுபோல இருக்கும். எல்லாம் ஒரே வகைக் கல்லாக, கோடுகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஊரெல்லாம் பொறுக்கிய அழகான கற்களை நான் வண்ணவண்ணமாக அடுக்கியிருந்ததை அவர் ஒரே நாளில் பிரித்துவிட்டார். கல்லில் பாசி பிடிக்க வைக்கப் புளித்த மோர் தடவலாம் என்று பலரும் சொல்வார்கள். நானும் நான்கு கல்லில் மோரும் நான்கில் வெறும் தண்ணீரும் தடவிப் பார்த்தேன். மோர் தடவியதில் எறும்பும் பூஞ்சணமும்தான் முதலில் வந்தன. நிழலும் ஈரமும் இருந்த பக்கம், மோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டாம் மாதத்தில் பச்சை பூத்தது.

தேயிலைத் தோட்டம் இல்லாமல் குன்னூர் இல்லை. தேயிலைச் செடியையே சிறிதாக வெட்டி வளர்த்தால் இலை பெரிதாகக் காட்டிக்கொடுத்துவிடும். நிஜ இலை மூன்று அங்குலம் என்றால் நமக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வேண்டும். பல செடிகளைப் பார்த்துக் கடைசியில் தைம் செடியில் நின்றோம். நீலகிரியில் மூலிகைக்காகப் பயிரிடுகிறார்கள், நாற்று எளிதில் கிடைக்கும். இலை மிகச் சிறியது, கத்தரிக்கோலுக்கு அடங்கும். சரிவின் சம உயரத்தில் வரிசை வரிசையாக நட்டு, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் மேசைபோலத் தட்டையாக வெட்டிவிட்டால் தூரத்தில் கவாத்து செய்த தேயிலையேதான். மழைக்காலத்தில் வேர் அழுகும், அதற்காக மண்ணில் பாதி சிப்ஸ் ஜல்லி கலந்தோம். நிழல் மரங்களுக்குக் குஃபியா. வரப்போரம் நடும் அந்தச் சின்னப் பூச்செடியைத் தண்டின் கீழ்ப்பாதியில் இலை நீக்கி, மேல்பாதியை ஏற்றி வெட்டினால் சில்வர் ஓக் நிற்பதுபோல இருக்கும். ஈரச் சுவரில் தானாகவே முளைக்கும் பைலியாவைக் களை என்று பிடுங்காதீர்கள். மிளகு அளவுகூட இல்லாத இலைகளோடு அது காட்டுப் புதராகவே நிற்கிறது. குகை வாயைச் சுற்றி எங்கள் காடு முழுவதும் அதுதான்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஹில்குரோவ் பக்கத்தில் சைப்ரஸ் கன்றுகள் வைத்தேன், கண்ணுக்கு மிகவும் பொருந்தின. ஆனால் உதிரும் துணுக்குகள் பல்சட்டத்தின் பற்களுக்கு இடையில் விழுந்து அமர்ந்துகொள்ளும். ஒரு துணுக்கு போதும், எஞ்சின் ஏறிக் குதிக்க. இப்போது அந்தக் கன்றுகள் கீழ்ப்பக்கத்தில் இருக்கின்றன. பல்சட்டத்தைச் சுத்தம் செய்யப் பழைய பல்துலக்கும் பிரஷைவிடச் சிறந்த கருவி இல்லை.

குகை ஒன்றே ஒன்று, ஒரு மீட்டர் நீளம். இருபக்கத்திலிருந்தும் கை விட்டால் நடுவில் விரல்கள் தொட வேண்டும். அதற்கு மேல் நீளம் வேண்டாம். பெட்டி உள்ளே கவிழ்ந்தால் எடுப்பதற்கு வேறு வழி இல்லை. வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனை வெளிப்பக்கமும் துருத்தும். நீளமான பெட்டியின் அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி, சக்கரத்தின் மேல் வைத்துத் தள்ளிப் பார்த்த பிறகே கல் வைக்க வேண்டும். இரவில் இரு வாயையும் கம்பி வலையால் மூடுகிறேன். மூடாத ஒரு நாள் காலையில் தண்டவாளத்தின் நடுவே பெரிய தேரை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்கு வழிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தோம்.

இனி மனிதர்கள். கொலு பொம்மைகளில் தொடங்கினேன், அம்மாவின் பெட்டியிலிருந்தே எடுத்து. மண் பொம்மை ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அளவும் ஒத்துவரவில்லை: ஐந்தரை அடி ஆள் நமக்கு ஏழரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும், கதவு, படி, இருக்கை எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும். செம்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, அதன்மேல் எம்சீல் அப்பிச் செய்யக் கற்றுக்கொண்டேன். எம்சீல் இறுகுவதற்குள் உடையின் மடிப்பைத் தையல் ஊசியால் கீற வேண்டும். முதல் ஐந்து ஆட்கள் நேராக நின்றார்கள், உயிரே இல்லை. ஆறாவதாகச் செய்தது இடுப்பில் கை வைத்து முதுகை நிமிர்த்தும் ஒரு கேங்மேன். அதைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "நாலு மணிக்கு நாங்கள் இப்படித்தான் நிற்போம்" என்றார்.

அன்றிலிருந்து ஆட்களைக் குறைத்து, அவர்கள் விட்டுவைத்த பொருட்களைக் கூட்டினேன். பாதையோரம் சாய்த்து வைத்த கடப்பாரை. மரக்கிளையில் தொங்கும் தூக்குச்சட்டி. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் குழாயின் கீழே, சொட்டுச் சொட்டாக விழுந்து பச்சை படிந்த தரை. ஸ்டேஷனில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டும் அதை அடிக்கும் இரும்பும். தேயிலை வரிசையின் முனையில் அவிழ்த்து வைத்த செருப்பு ஒரு ஜோடி. ஆள் இல்லாத இடத்தில் இவை இருந்தால், பார்க்கிறவர் ஆளைத் தானே கற்பனை செய்துகொள்கிறார். மொத்தம் ஒன்பது மனிதர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் 'எவ்வளவு கூட்டம்' என்கிறார்கள்.

மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் முக்கியம். கணினியில் அச்சிட்டு ஒட்டிய பலகை மூன்றே மாதத்தில் வெளுத்தது. மலை வெயில் அவ்வளவு கடுமை. எனாமல் பெயிண்டில், ஒற்றை மயிர்த் தூரிகையில் கையால் எழுதியது மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. பெட்டிகளை மூன்று மில்லிமீட்டர் ஃபோம் பிவிசி பலகையில் செய்து நீலமும் கிரீமும் அடித்தேன். மேலே பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தால் பொம்மைத்தனம் மறையும். வீடுகளை இரவில் உள்ளே எடுத்துவிடுகிறேன். தரையில் பதித்த இரண்டு குழாய்த் துண்டுகளில் அவற்றின் அடிக்கம்பிகள் உட்காரும்படி வைத்திருப்பதால் எடுப்பதும் வைப்பதும் ஒரு நிமிட வேலை.

ஆட்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், குரங்குகளால். சிவப்புச் சட்டைக்காரன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையில் உட்கார்ந்து தலையைக் கடித்துப் பார்த்தது ஒரு குரங்கு. அதற்குப் பிறகு ரயில் ஓடாதபோது மனிதர்கள் எல்லோரும் ஒரு டிபன் பாக்ஸில் இருப்பார்கள். காட்டெருமை விஷயம் வேறு. எங்கள் பகுதியில் அது தேயிலைக்குள்ளிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் வருவது சாதாரணம். ஒரு நாள் விடியலில் என் இரும்புப் பாலத்தில் கால் வைத்துவிட்டுப் போயிருந்தது. வேலி போடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது நடந்த வழியில் நாங்கள்தான் பாலம் கட்டியிருந்தோம். பாலத்தைப் பிரித்து மாட்டும்படி மூன்று துண்டாகச் செய்துவிட்டேன். உடைந்தால் ஒரு துண்டு மட்டும் செய்தால் போதும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: முதலில் தண்டவாளம் வழியாகவே கொடுத்தேன். குன்னூர்ப் பனியில் பித்தளை தினமும் கறுக்கும், ஓட்டுவதற்கு முன் 26 மீட்டரையும் தேய்க்க வேண்டும். எஞ்சினுக்கு அடுத்த பெட்டிக்குள் லித்தியம் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. தண்டவாளம் கறுத்தே கிடக்கிறது, பார்ப்பதற்கும் அதுதான் சரி.

போன மாதம் அப்பாவைச் செய்தேன். முதல் பெட்டியின் முன் மேடையில், இடக்கை பிரேக் சக்கரத்தில், வலக்கையில் பச்சைக் கொடி. எம்சீலில் முகம் வரவில்லை, மூன்று முறை உருட்டிப் போட்டுவிட்டு, கடைசியில் முகத்தைத் திருப்பிப் பாதையைப் பார்க்க வைத்தேன். வளைவு வருவதற்கு முன் அவர் அப்படித்தான் எட்டிப் பார்ப்பார். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, கொடியைப் பெட்டிக்கு வெளியே இன்னும் ஒரு விரல்கடை நீட்டச் சொன்னார். உள்ளே இருந்தால் பின்னாலிருக்கும் டிரைவருக்குத் தெரியாதாம். கையைச் சூடாக்கி வளைத்துவிட்டேன்.

அக்டோபர் பிறந்துவிட்டது. நேற்று இரவு பெய்ததில் பத்து சிறுபாலங்கள் தெளிவாக ஓடின. ஏழாவதின் மேல்வாயில் மட்டும் சில்வர் ஓக் இலைகள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கி ஜல்லியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மழை விட்டதும் கம்பி விட்டு எடுக்க வேண்டும். பேரன் ஏற்கெனவே கோணிப்பையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான்.